புயல் எச்சரிக்கையோடு தெருவுக்குள் போகும் முன்: கடலூரின் புதிய தன்னார்வலருக்கு ஒரு வழிகாட்டி

ஐப்பசி பிறப்பதற்குள் தொடங்கிவிட வேண்டிய வேலை இது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலூரின் கடற்கரைக் குப்பங்களுக்கும் தென்பெண்ணை, கெடிலம் ஆற்றோரத் தெருக்களுக்கும் எச்சரிக்கைச் செய்தியைக் கொண்டுசேர்ப்பதற்காகப் புதிதாகப் பெயர் கொடுத்திருப்பவர்களை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது. முதலுதவி செய்வதற்கும், வெள்ளத்தில் சிக்கியவர்களைப் படகில் ஏற்றுவதற்கும் தனிப் பயிற்சிகள் இருக்கின்றன. எச்சரிக்கையைக் கேட்ட மனிதர் அதை வைத்து எப்படி யோசிக்கிறார், கேட்ட பிறகும் ஏன் கிளம்பாமல் இருக்கிறார், எது அவரைக் கிளம்ப வைக்கிறது என்பவற்றுக்கு அப்படிப்பட்ட பயிற்சி பெரும்பாலும் கிடைப்பதில்லை.

“எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டார்கள்” என்ற சலிப்பு இந்த வேலைக்கு வருபவர்களிடம் விரைவிலேயே தோன்றிவிடுகிறது. வீட்டைவிட்டுக் கிளம்ப மறுப்பவர் யோசிக்காமல் மறுப்பதில்லை. தாம் கண்ட புயல்களை வைத்து, தமக்குத் தெரிந்த கணக்கைப் போட்டுத்தான் மறுக்கிறார். அந்தக் கணக்கு எந்த இடத்தில் ஒருபக்கமாகச் சாய்கிறது என்பதை உளவியல் ஆய்வுகள் ஓரளவு தெளிவாக்கியிருக்கின்றன. சாய்வைச் சுட்டிக்காட்டிவிட்டால் மட்டும் மனிதர் மாறிவிடுவதில்லை என்பதையும் அதே ஆய்வுகள்தான் காட்டுகின்றன. ஆகவே வாதத்தில் வெல்வது உங்கள் வேலையன்று. புயலுக்குப் பல வாரங்கள் முன்பாகவே தெருவார் தங்களுக்குள் கூடிப் பேசி, தங்கள் வாயால் ஒரு முடிவைச் சொல்ல வழிசெய்வதே உங்கள் வேலை.

முதலில் உங்கள் கணிப்பைச் சோதியுங்கள்

பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960இல் வெளியிட்ட எளிய சோதனை ஒன்றை உங்கள் குழுவிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். ஒருவர் மனத்துக்குள் ஒரு விதியை வைத்துக்கொண்டு, 2, 4, 6 என்ற எண்கள் அதற்குப் பொருந்தும் என்று மட்டும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வேறு மூன்று மூன்று எண்களாகச் சொல்லிக் கேட்கலாம்; பொருந்தும் அல்லது பொருந்தாது என்ற பதில் மட்டுமே கிடைக்கும். ஒருவர் 8, 10, 12 என்பார், பொருந்தும். இன்னொருவர் 20, 22, 24 என்பார், அதுவும் பொருந்தும். உடனே “இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்” என்று விதியை அறிவித்துவிடுவார்கள். சரியான விதி, ஏறுவரிசையில் உள்ள எந்த மூன்று எண்களும் என்பதுதான். வேசனின் சோதனைக்கு உட்பட்ட 29 பேரில் 6 பேர் மட்டுமே இடையில் தவறான விதி எதையும் அறிவிக்காமல் விடைக்கு வந்தார்கள். தங்கள் ஊகத்துக்கு ஒத்துப்போகும் எண்களையே கேட்டுக்கொண்டிருந்ததுதான் மற்றவர்களைத் தடுத்தது; அந்த ஊகத்தை உடைக்கக்கூடிய 1, 7, 50 போன்ற ஒன்றைக் கேட்டிருந்தால் உண்மை உடனே வெளிப்பட்டிருக்கும்.

தெருவிலும் இதுவே நடக்கிறது. “இவர்களுக்குப் பயமில்லை, அதனால்தான் கிளம்புவதில்லை” என்ற எண்ணத்தோடு போகும் தன்னார்வலர், “புயலென்றால் உங்களுக்குப் பயமே இல்லையா அம்மா?” என்று கேட்பார். “பழகிப்போச்சு தம்பி” என்ற பதில் வரும், எண்ணம் உறுதியாகிவிடும். அதே அம்மாவிடம், “போன முறை போகலாமென்று நினைத்து, பிறகு போகாமல் விட்டீர்களா? அப்போது எது தடுத்தது?” என்று கேட்டால், தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை, உடன் கூட்டிப்போக முடியாத இரண்டு ஆடுகள், படுக்கையில் கிடக்கும் மாமியார் என்று வேறு செய்திகள் வரும். எனவே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, எந்தத் தெருவுக்குப் போனாலும் போவதற்கு முன் உங்கள் ஊகத்தை ஒரு வரியில் எழுதுங்கள். எந்தப் பதில் வந்தால் அது தவறென்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பக்கம் காலியாக இருந்தால் அந்தத் தெருவுக்கு இன்னும் போகாதீர்கள்.

“நடுநிலையாக யோசிப்பேன்” என்று உறுதி எடுத்துக்கொள்வது போதாதா என்று கேட்கலாம். சார்ல்ஸ் லார்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வில் இதையே சோதித்தார்கள். நியாயமாகவும் பாரபட்சமின்றியும் சான்றுகளை எடைபோடும்படி சொன்னதால் பெரிய பயன் விளையவில்லை, “இதே ஆய்வின் முடிவு எதிர்ப்பக்கம் வந்திருந்தால் இதை இப்படித்தான் மதிப்பிடுவீர்களா?” என்று கேட்டுக்கொள்ளும்படி சொன்னதே பயன் தந்தது. மற்றவர்களைவிடத் தம்மிடம் மனச்சாய்வு குறைவு என்றே பெரும்பாலோர் நம்புகிறார்கள் என்பதை எமிலி புரோனினின் குழு 2002இல் காட்டியது. படித்தவர், பயிற்சி பெற்றவர், சீருடைச் சட்டை அணிந்தவர் எல்லோரும் அந்தப் பெரும்பாலோரில் அடக்கம்.

முதல் சுற்றில் எச்சரிக்கை வேண்டாம், கேள்வி போதும்

முதல்முறை போகும்போது துண்டறிக்கை எதையும் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. “தானே புயல் வந்தபோது எங்கே இருந்தீர்கள்?” என்ற ஒரே கேள்வி ஒரு மணி நேரப் பேச்சுக்குப் போதும். 2011 டிசம்பர் 30 காலையில் கரையைக் கடந்த அந்தப் புயலை நினைவில் வைத்திராத வீடு கடலூரில் அரிது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலாமரங்களும் வேரோடு சாய்ந்ததைச் சொல்லாமல் யாரும் பேச்சை முடிக்க மாட்டார்கள். கடற்கரைக் குப்பமென்றால் பேச்சு 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் போகும். குண்டு உப்பலவாடி, நாணமேடு பக்கமென்றால் புயலைவிட ஆறுதான் முதலில் வரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கும் மேலாகத் தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தைப் பற்றிச் சொல்வார்கள்.

கேட்கும்போது இரண்டு போக்குகளைக் கவனியுங்கள். எந்த நிகழ்ச்சி எளிதில் நினைவுக்கு வருகிறதோ அதுதான் அடிக்கடி நடப்பது என்று மனம் எடைபோட்டுவிடுகிறது. ஏமஸ் துவர்ஸ்கி, டேனியல் கானமன் இருவரும் இதை 1973இல் விரிவாக எழுதினார்கள். தானேயில் காற்றைக் கண்டவருக்குப் புயலென்றால் காற்று; அவர் கூரையைக் கட்டுவார், தண்ணீரை நினைக்க மாட்டார். 2024 நவம்பர் 30இல் புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் காற்றால் பெரிதாக அச்சுறுத்தவில்லை. கரையைத் தொட்டும் நகராமல் நின்று, புதுச்சேரியில் 24 மணி நேரத்துக்குள் 45 சென்டிமீட்டருக்கும் மேலாக மழையைக் கொட்டியது. கூரை பத்திரமாக இருந்த வீடுகளுக்குள்தான் தண்ணீர் புகுந்தது.

இரண்டாவது போக்கு இன்னும் ஆபத்தானது. மயிரிழையில் தப்பியதை மனம் “ஆபத்து வந்தது, அதிர்ஷ்டத்தால் தப்பித்தோம்” என்று பதிவுசெய்யாமல், “ஒன்றும் ஆகவில்லை” என்றே பதிவுசெய்துகொள்கிறது. 2018 நவம்பரில் கஜா கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே கரையேறும் என்று சொல்லப்பட்டது. அது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே போனது. கடலூரில் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு அது வராத புயல். டெல்டாவில் தென்னை முழுவதையும் இழந்தவர்களிடம் அப்படிச் சொல்லிப் பார்க்க வேண்டும்! 2020இல் நிவர் மரக்காணம் பக்கமாகக் கடந்தபோதும், அஞ்சிய அளவு சேதமில்லை என்ற பேச்சே மிஞ்சியது. “தானேயையே பார்த்துட்டோம், இதென்ன பெரிசா” என்பவர் அகந்தையால் பேசவில்லை. தம் வாழ்நாளில் கிடைத்த சான்றுகளைக் கூட்டிக் கழித்துத்தான் பேசுகிறார். அந்தச் சான்றுகள் எண்ணிக்கையில் குறைவு என்பதும், உயிர் தப்பியவர்களிடமிருந்து மட்டுமே அவை கிடைக்கின்றன என்பதும்தான் சிக்கல்.

இதில் ஒரு கண்டிப்பு அவசியம். கிளம்பாததற்கான எல்லாக் காரணங்களையும் மனச்சாய்வு என்று பெயரிட்டுவிடாதீர்கள். ஃபைபர் படகின் என்ஜினைக் கரையில் விட்டுப் போனால் காலையில் அது இருக்குமா என்று கேட்பவர் சரியான கேள்வியைத்தான் கேட்கிறார். வயதுக்கு வந்த மகளோடு மண்டபத்தில் இரவைக் கழிக்கத் தயங்கும் தாயின் கணக்கிலும் பிழையில்லை. இவற்றுக்கு உளவியல் மருந்தாகாது. காவலுக்கு ஆள், தாழ்ப்பாள் போட்ட கழிப்பறை, பெண்களுக்குத் தனி அறை ஆகியவற்றையே தர வேண்டும். அதற்கு நீங்கள் பார்க்க வேண்டியவர்கள் கிராம நிர்வாக அலுவலரும் ஊர்ப் பஞ்சாயத்தாரும். என் பார்வையில், மக்களின் மனத்தை மாற்றுவது பற்றிய பேச்சில் பாதி, தாழ்ப்பாள் போட்டுக்கொடுக்கும் செலவைத் தவிர்ப்பதற்கான பேச்சாகவே முடிகிறது.

கூண்டு எண்ணை விளக்கச் சொல்லுங்கள்

அடுத்த சுற்றில், கடலூர் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றிப் பேசுங்கள். “எட்டாம் எண் ஏறிவிட்டது, பத்து வந்தால் பார்க்கலாம்” என்பது அடிக்கடி காதில் விழும் பேச்சு. பேசுபவரைத் திருத்தாமல், எட்டுக்கும் ஒன்பதுக்கும் என்ன வேறுபாடு என்று விளக்கும்படி மெதுவாகக் கேளுங்கள். “ஒன்பது இன்னும் பலமான புயல்” என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால் சற்று நேரம் யோசிப்பார்.

உண்மையில் 8, 9, 10 ஆகிய மூன்றுமே பெரும் அபாயத்தைக் குறிப்பவை. புயல் எந்தப் பக்கமாகப் போகிறது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. துறைமுகம் புயல் பாதையின் இடப்பக்கம் அமையுமானால் எட்டு, வலப்பக்கம் அமையுமானால் ஒன்பது, துறைமுகத்தின் மேலாகவோ மிக அருகிலோ கடக்குமானால் பத்து. அபாய நிலையைக் குறிக்கும் 5, 6, 7 ஆகியவற்றுக்கும் இதே வரிசைதான். பதினொன்று எல்லாவற்றையும்விடப் பெரிய புயலைக் குறிப்பதன்று. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதைக் குறிப்பது. வங்கக் கடலிலிருந்து மேற்கே வரும் புயலின் வலப்பக்கம் நாம் இருந்தால், அது நமக்குத் தெற்கே கரையேறுகிறது என்று பொருள். நம் பகுதியில் புயல் காற்று கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வதால், அப்போது கடலூரில் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடித்துத் தண்ணீரை ஊருக்குள் தள்ளும். இடப்பக்கம் இருந்தால் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். ஆகவே பத்துக்காகக் காத்திருப்பவர், ஒன்பதிலேயே உப்பனாறு வழியாகக் கடல் ஏறிவருவதைப் பார்க்க நேரலாம்.

இதை ஏன் நீங்களே முதலில் சொல்லாமல் அவரை விளக்கச் சொல்ல வேண்டும்? லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கைல் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஜிப், பூட்டு, கழிப்பறையின் தண்ணீர்த் தொட்டி போன்ற அன்றாடப் பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது எவ்வளவு தெரியும் என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னார்கள். எழுதிய பிறகு அதே ஆட்கள் தங்களுக்குத் தாங்களே போட்ட மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்கள். யாரும் அவர்களைத் தவறென்று சொல்லவில்லை. விளக்கப் புகுந்தபோது தெரியாமை தானாகவே தெரிந்தது. பிறர் சுட்டிக்காட்டும் அறியாமைக்கு மனிதர் சண்டைக்கு வருவார். தாமே கண்டுகொண்டதற்கு வரமாட்டார். பெரியவர்களிடம் பேசும்போது இது இன்னும் பொருந்தும். முப்பது ஆண்டு கடலுக்குப் போனவரிடம், “ஐயா, வாடை திரும்பினால் தண்ணீர் எப்படி ஏறும் என்று சொல்லுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். கூண்டின் கணக்கை அவரே உங்களுக்குப் போட்டுக் காட்டிவிடக்கூடும்.

சதவீதமும் வதந்தியும்

சதவீதத்தை மட்டும் சொல்லாதீர்கள். மழைக்கு 30 சதவீத வாய்ப்பு என்ற அறிவிப்பை ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலான், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று கெர்ட் கிகரென்சர் குழு 2005இல் கேட்டது. நியூயார்க்கில் மட்டுமே பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். மற்ற இடங்களில் பலர், நாளின் 30 சதவீத நேரம் பெய்யும் என்றோ 30 சதவீதப் பரப்பில் பெய்யும் என்றோ எடுத்துக்கொண்டார்கள். “இதே போன்ற நிலை பத்து முறை வந்தால் ஏறத்தாழ மூன்று முறை பெய்யும்” என்பது போல எண்ணிக்கையாகச் சொன்னால் குழப்பம் குறையும். அறிவிப்பு இடையில் மாறக்கூடும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காலையில் ஒன்றும் மாலையில் வேறொன்றும் சொல்வதால் வானிலை ஆய்வு மையத்துக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முடிவுகட்டுபவர்கள், புதிய தகவல் வந்ததும் கணிப்பைத் திருத்துவதே நேர்மையான கணிப்பு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வாட்ஸ்அப்பில் “அணை உடைந்துவிட்டது” என்ற குரல் பதிவு வந்தால், மறுக்கத் தயங்காதீர்கள். திருத்திச் சொன்னால் பொய்யை மேலும் இறுகப் பற்றிக்கொள்வார்கள் என்று 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வை வைத்து நெடுநாள் பேசப்பட்டது. பின்னர் தாமஸ் வுட், ஈதன் போர்ட்டர் இருவரும் 10,000க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தபோது அப்படிப்பட்ட எதிர்விளைவு ஏறத்தாழ எங்கும் தென்படவில்லை. உண்மையை முதலில் சொல்லி, வதந்தியை ஒருமுறை மட்டும் குறிப்பிட்டு, மீண்டும் உண்மையில் முடியுங்கள். அதிகாரப்பூர்வ அறிவிப்பாகவே வந்து பொய்த்ததும் உண்டு: 2004 டிசம்பர் 30 அன்று, சுனாமி வந்த நான்காம் நாள், மீண்டும் சுனாமி வரலாம் என்ற மத்திய அரசின் எச்சரிக்கையால் கடற்கரை முழுவதும் மக்கள் ஓடினார்கள், அன்று எதுவும் வரவில்லை. அதை யாராவது நினைவூட்டினால் ஒப்புக்கொள்ளுங்கள். மழுப்பினால் மற்ற எதையும் நம்ப மாட்டார்கள்.

முடிவைத் தெருவே சொல்லட்டும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு வந்தபோது, வழக்கமாகச் சமைக்காத இதயம், சிறுநீரகம் போன்றவற்றைச் சமைக்க இல்லத்தரசிகளை எப்படி இணங்கவைப்பது என்று கர்ட் லெவின் ஆராய்ந்தார். சில குழுக்களுக்குச் சத்து, செலவு, தேசநலன், சமையல் குறிப்பு எல்லாம் கொண்ட சிறப்பான சொற்பொழிவு. வேறு சில குழுக்களில் அதே நேரம் கலந்துரையாடல், “நம்மைப் போன்ற பெண்கள் இதைச் சமைக்கத் தடையாக இருப்பது எது?” என்று அவர்களே பேசி, இறுதியில் யார் முயல்வார்கள் என்று கை உயர்த்தினார்கள். பின்னர் விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதத்தினரும் கலந்து பேசியவர்களில் 32 சதவீதத்தினரும் அவற்றைச் சமைத்திருந்தார்கள். மக்கள் மாறுவது பற்றி நான் அறிந்தவற்றில் இந்த அளவுக்கு நம் வேலைக்குப் பொருந்துவது வேறில்லை. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ அந்தச் சொற்பொழிவைத்தான் செய்கிறது.

ஆகவே மூன்றாம் சுற்றில், மகளிர் சுயஉதவிக் குழு கூடும் நாளில் அவர்களோடு அமருங்கள். இருபது பேருக்கு மேல் வேண்டாம். முதலில் தடைகளைப் பட்டியலிடச் சொல்லுங்கள். சொல்லும் எதையும் மறுக்காதீர்கள். ஒருவர் சொல்லும் தடைக்கு இன்னொருவரே வழி சொல்வார்: “எங்க மாமனாரை ஆட்டோவுல ஏத்திவிட என் தம்பி வருவான் அக்கா, உங்க அத்தையையும் சேர்த்து ஏத்திடலாம்.” அந்த இடத்தில் நீங்கள் பேசாமல் இருப்பதுதான் கடினம், ஆனாலும் பேசாமல் இருங்கள். முடிவில் யார் யார் எப்போது கிளம்புவார்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் அவர்களே சொல்லட்டும். மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தாரை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். அவர்கள் தலையசைக்காத கூட்டத்தில் எடுத்த முடிவு அன்று மாலைவரைகூட நிற்காது.

“அப்படியானால் இப்படி” என்று எழுதிக்கொள்ளுங்கள்

“எச்சரிக்கை வந்தால் கிளம்பிவிடுவோம்” என்பது திட்டமாகாது. எந்த எச்சரிக்கை, யார், எங்கே, எதை எடுத்துக்கொண்டு என்பவை அதில் இல்லை. பீட்டர் கோல்விட்சர் நெடுங்காலம் ஆராய்ந்தது இதைத்தான்: இன்ன அடையாளம் தெரிந்தால் இன்னதைச் செய்வேன் என்று முன்பே இணைத்து முடிவுசெய்தவர்கள், வெறும் எண்ணம் மட்டும் கொண்டவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள். 94 சோதனைகளைத் தொகுத்து அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிசெய்தது. புயல் நேரத்தில் புதிதாக யோசிக்க வேண்டிய சுமையை இந்த முறை எடுத்துவிடுகிறது.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அட்டையில், அந்த வீட்டாரின் கையெழுத்திலேயே, இப்படி எழுதிச் சுவரில் ஒட்டச் செய்யலாம்: “ஐந்தாம் எண்ணோ அதற்கு மேலோ ஏறினால், அன்று இருட்டுவதற்குள் அப்பா என்ஜினைக் கழற்றிப் பெரியப்பா வீட்டு மாடிக்குக் கொண்டுபோவார், அம்மா ரேஷன் கார்டு, ஆதார், பத்திரம், மாத்திரை இருக்கும் பையை எடுப்பார், அக்கா ஆயாவைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போவாள்.” ஆற்றோரத் தெருவில் கூண்டு எண்ணுக்குப் பதிலாகச் சாத்தனூர் அணைத் திறப்பு பற்றிய அறிவிப்பே தொடக்க அடையாளமாக இருக்க வேண்டும், அங்கே வெயில் அடிக்கும்போதும் வெள்ளம் வரும். அட்டையை நீங்கள் அச்சடித்துக் கொடுக்காதீர்கள். அச்சடித்தது காலண்டருக்குப் பின்னால் போய்விடும்.

புயல் போன பிறகு, அல்லது வராமல் போன பிறகு

பெரும்பாலான குழுக்கள் இந்தக் கட்டத்தில் கலைந்துவிடுகின்றன. அடுத்த ஆண்டுக்கான வேலை தொடங்குவதோ இங்குதான். நடந்து முடிந்ததை அறிந்த பிறகு, “எனக்கு அப்போதே தெரியும்” என்று மனம் பழைய நினைவைத் திருத்தி எழுதிவிடுகிறது. நிக்சன் 1972இல் சீனாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் போவதற்கு முன், என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று மாணவர்களை மதிப்பிடச் செய்து, பிறகு தங்கள் பழைய மதிப்பீட்டை நினைவுகூரச் சொன்னார்கள் பாருக் ஃபிஷ்ஹாஃபும் ரூத் பெய்த்தும். நடந்தவற்றுக்குத் தாங்கள் முன்பே அதிக வாய்ப்புக் கொடுத்திருந்ததாகப் பலர் தவறாக நினைவுகூர்ந்தார்கள். புயல் தவறிப்போனால், “வராதென்று எனக்குத் தெரியும், வீணாக அலையவிட்டார்கள்” என்று தெருவே சொல்வதும் இப்படித்தான்.

எனவே ஒரு வாரத்துக்குள் மீண்டும் போய், கிளம்பியவர்களிடமும் கிளம்பாதவர்களிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். கிளம்பாதவரைக் குத்திக்காட்டாதீர்கள், கிளம்பி வீணாக ஓர் இரவைக் கழித்தவரிடம், அட்டையில் எழுதியதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று மட்டும் கேட்டு, அங்கேயே திருத்தி எழுதச் செய்யுங்கள். பை எடுத்தாகிவிட்டது, ஆனால் மாத்திரை அதில் இல்லை, ஆட்டோ வரவில்லை, பள்ளிக்கூடச் சாவி யாரிடம் இருக்கிறதென்று தெரியவில்லை. இவற்றை அன்றைய தேதியோடு உங்கள் நோட்டில், போவதற்கு முன் எழுதிய ஊகத்துக்கு நேர் எதிரே குறித்துக்கொள்ளுங்கள். சாவிக்கு இரண்டாவது பிரதி போட்டு யாரிடம் கொடுப்பது என்பதைக் கார்த்திகை முடிவதற்குள் தலைமையாசிரியரிடம் பேசி முடித்துவிடுங்கள்; மார்கழியிலும் புயல் வரும்.